கூலர் வாயில் எடுத்த பூனைத் தீனி

பூனைத் தீனிப் பையின் முன்பக்கத்தைப் படித்துவிட்டு யாரும் என்னிடம் சந்தேகம் கேட்காதீர்கள். முன்பக்கத்தில் படம்தான் இருக்கும். ஒரு பூனை, ஒரு துண்டு மீன், ஒரு பச்சை இலை. அந்த மீன் உள்ளே இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பூனை அதைத் தின்றதா என்றும் தெரியாது. பின்பக்கத்தைத் திருப்புங்கள். பொடி எழுத்தில் இருப்பதுதான் விஷயம். அதிலும் பாதிதான் இருக்கும். மீதியை நீங்களே கணக்குப் போட வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகும் இந்த வேலை என்னை விடவில்லை. திண்டுக்கல்லில் இப்போது எந்தத் தெருவுக்குப் போனாலும் சோபாவில் ஒரு பூனை படுத்திருக்கிறது. கருத்தடை செய்து கொண்டுவந்து, ராணி மாதிரி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது போனை நீட்டுகிறார்கள். "ரெஜினா டீச்சர், இந்தத் தீனி நல்லதா, பாத்துச் சொல்லுங்களேன்." நான் டீச்சர் இல்லை. என் அக்காதான் டீச்சர். நான் வேலை பார்த்தது தீவன ஆலையில், தர ஆய்வகத்தில். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம், கடைசியில் பூனைத் தீவனம். எவ்வளவு சொன்னாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

போன வாரம் ஆலையிலிருந்து நிவேதா போன் செய்தாள். நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாள். "அக்கா, புது மெஷின் வந்துருக்கு. தட்டுல கொட்டி உள்ள தள்ளுனா ஒரு நிமிசம். புரதம், கொழுப்பு, ஈரம் எல்லாம் வந்துருது. நீங்க ஆசிட்ல வெந்து வேலை பாத்த கதைய எழுதிக் குடுங்க. புதுசா வந்தவங்களுக்குப் படிக்கக் குடுக்கணும்."

"கதை வேணும்னா சீரியல் பாக்கச் சொல்லு" என்றேன். பிறகு யோசித்தேன். அந்த மெஷினுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை எழுதிவிடலாம்.

படிப்பு, பயிற்சி எல்லாம் நான்கு வரிக்கு மேல் தேறாது. வேதியியல் படித்தேன். வேலை கிடைக்கவில்லை. வேடசந்தூருக்கு அந்தப் பக்கம் இருந்த தீவன ஆலையில் ஆள் கேட்டார்கள், போனேன். நூற்பாலைப் பெண்களோடு மில் பஸ்ஸில் போய் வந்தேன். அவர்கள் தலையில் பஞ்சு இருக்கும், என் மேல் தவிட்டு வாடை இருக்கும். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார ஆள் வராது. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

என் முன்கோபம் சீக்கிரமே ஆலை முழுக்கத் தெரிந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் என்னைக் குக்கர் என்பார்கள். ஒருநாள் நேரிலேயே சொன்னேன்: "ஆமா, விசில் அடிச்சாத்தான் குக்கர் வெடிக்காது. போய் வேலையப் பாருங்க."

எங்கள் ஆய்வகத் தலைவர் அருளப்பன் சார் எனக்கு நேர் எதிர். மெலிந்த மனிதர், மெல்லிய குரல். நான் கத்தினால் எல்லோரும் சிரிப்பார்கள். அவர் முணுமுணுத்தால் எல்லோருக்கும் வேர்க்கும். கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி தீவனம் இருக்கும். பேசிக்கொண்டே அதில் கொஞ்சம் எடுத்து மோந்து பார்ப்பார், உள்ளங்கையில் தேய்ப்பார், சில நேரம் வாயில் போட்டு மெல்வார். கல்யாண வீட்டில் பாக்கு மெல்லுகிற மாதிரி மாட்டுத் தீவனத்தை மெல்லுகிற மனிதரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லோடு மீன்தூள் வந்தது. கோழித் தீவனத்தில் கலப்பதற்கு. நான் சோதித்தேன். அந்தக் காலத்துச் சோதனை என்றால், சாம்பிளை அடர் கந்தக அமிலத்தில் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். கறுப்பாகப் பொங்கி, மெல்ல மெல்லத் தெளிந்து வெளிர்பச்சையாகும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். பிறகு காரம் சேர்த்து வடித்து, பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக அமிலம் விட வேண்டும். பச்சை மாறி ரோஸ் எட்டிப் பார்க்கும் அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினால் முதலிலிருந்து. இதில் தெரிவது நைட்ரஜன். அதை ஆறேகாலால் பெருக்கினால் புரதம். அந்த மீன்தூளில் புரதம் பிரமாதமாக வந்தது. ஓடிப்போய் அறிக்கையை நீட்டினேன்.

அருளப்பன் சார் அறிக்கையை வாங்கினால் படிக்கமாட்டார். மேசைமேல் கவிழ்த்து வைப்பார். எண் அடியில் கிடக்கும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எங்க எடுத்த, தாயி?"

"லாரில சார். மேல் மூட்டைல."

"எல்லா மூட்டையிலயும் குத்தூசி போட்டு எடுத்துட்டு வா. அதுவரைக்கும் இது இப்படியே கெடக்கட்டும்."

எடுத்து வந்தேன். அவர் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். முகம் சுளிக்கவில்லை. "நாக்கு சில்லுங்குது. மீனு எதுக்கு சில்லுங்கப் போகுது? யூரியா" என்றார். யூரியாவிலும் நைட்ரஜன் இருக்கிறது. என் பியூரெட்டுக்கு மீனும் ஒன்று, உரமூட்டையும் ஒன்று. லாரியைத் திருப்பி அனுப்பினோம். டிரைவரைப் பார்த்து நான் கத்திய கத்தல் நெடுஞ்சாலை வரை கேட்டதாகச் சொன்னார்கள். டிரைவர் பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. என் வாய்க்கு அது தெரியவில்லை.

அந்தக் கேள்விதான் எங்கள் ஆலையின் சட்டம். மாட்டுக்கான குச்சித் தீவனம் சூடாக வெளியே வரும், கூலரில் ஆறும், கூலரின் வாயிலிருந்து நேராக மூட்டைக்குப் போகும். முன்பெல்லாம் ஆட்கள் கைக்கு எட்டின இடத்தில், கலவை இயந்திரத்தில் அள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஈரம் தப்பாக வரும், மூட்டை பூஞ்சை பிடிக்கும். அருளப்பன் சார் அதை ஒழித்துக்கட்டினார். ஆறி முடிந்து, மூட்டைக்குள் விழுகிற இடத்தில்தான் எடுக்க வேண்டும். "எங்க எடுத்த?" என்றால் "கூலர் வாய், சார்" என்று பதில் வர வேண்டும். வேறு பதில் வந்தால் அறிக்கை கவிழ்ந்தபடியே குப்பைக்குப் போகும். சாம்பிள் எடுக்கிற ஆட்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் கூலர் வாய் என்பார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு முதலாளிகளுக்குப் பூனைத் தீனி ஆசை வந்தது. கடைகளில் அது நன்றாகப் போகிறது, நாமும் செய்யலாம் என்றார்கள். சாதாரணத் தீனி செய்தோம், ஓடியது. அடுத்து, கருத்தடை செய்த வளர்ந்த பூனைகளுக்குத் தனித் தீனி என்றார்கள். ஆலையே சிரித்தது. "ஆபரேசனும் பண்ணி, அதுக்குப் பத்தியச் சாப்பாடும் போடணுமாக்கும்!" என்றார்கள்.

சிரிக்க ஒன்றுமில்லை. கருத்தடை செய்த பூனைக்கு உடம்பு செலவழிக்கிற சக்தி குறைந்துவிடும். பசி மட்டும் கூடிவிடும். துணை தேடி ஊர் சுற்றுகிற வேலையும் இல்லை. தின்னும், படுக்கும். பழைய தீனியையே பழைய அளவில் போட்டால் சில மாதத்தில் உருண்டையாகிவிடும். சர்க்கரை நோய் வரும், மூட்டு வலி வரும். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதையில் உப்பு கட்டி அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் இந்தத் தீனியில் இறைச்சிப் புரதம் கூட இருக்க வேண்டும், சதை கரையாமல் இருக்க. கொழுப்பு குறைய வேண்டும். நார் கொஞ்சம் வேண்டும், வயிறு நிறைந்த மாதிரி இருக்க. மக்னீசியமும் பாஸ்பரஸும் கட்டுக்குள் நிற்க வேண்டும். டாரின் என்கிற சத்து கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். கோழித் தீவனம் செய்து பழகியவர்கள் சோயாவையும் மக்காச்சோளத்தையும் கொட்டிப் புரதத்தைக் காட்டப் பார்த்தார்கள். "பூனை கோழி இல்ல" என்று நான் தினமும் ஒரு தடவை கத்த வேண்டியிருந்தது.

தீனியைப் பரீட்சை பார்க்க ஆலை வளாகத்திலேயே ஒரு பூனை வீடு கட்டினார்கள். வலை அடித்த ஜன்னல், ஏறி உட்காரப் பலகைகள், மண் தொட்டிகள். தெருவில் திரிந்த பூனைகளைப் பிடித்து, கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்து கொண்டுவந்து விட்டோம். பார்த்துக்கொள்ள பாக்கியம் என்ற பெண் வந்தார். பக்கத்துக் கிராமம். நூற்பாலையில் ஷிப்டைக் குறைத்தபோது வேலை போய், எங்களிடம் வந்தவர். என் வயதுதான் இருக்கும். வாய் என்னைவிடப் பெரிது. எல்லாப் பூனைக்கும் பெயர் வைத்தார். பலகையின் உச்சியில் உட்கார்ந்து எல்லோரையும் கீழ்க்கண்ணால் பார்க்கிற சாம்பல் நிறக் கடுவனுக்குக் கலெக்டர் என்று பெயர்.

வாரம் ஒரு முறை எடை பார்ப்போம். பூனை தராசில் தனியாக நிற்காது. அதனால் முதலில் பாக்கியம் தனியாக ஏறி நிற்பார். பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். கழித்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரம் சரி. பிறகு எல்லாப் பூனைக்கும் எடை ஏறத் தொடங்கியது. நின்றபாடில்லை. கலெக்டர் உச்சிப் பலகைக்குத் தாவி, பாதியில் விழுந்து, எதுவும் நடக்காதது மாதிரி கையை நக்கிக்கொண்டது.

உற்பத்தி மேலாளர் திருமலை என் ஆய்வகத்துக்கு வந்தார். நெய்க்காரப்பட்டிக்காரர். ஆளை வேலையை விட்டு அனுப்பும்போதுகூட மரியாதை குறையாமல் பேசுவார்.

"ஏனுங்க மேடம், உங்க ரிப்போர்ட்டு தப்பா இருக்குமாங்க?"

"என் ரிப்போர்ட் தப்புன்னா நானே கிழிச்சுப் போட்டுருவேன். என்ன விசயம்?"

"தப்பு இல்லீங்கல்ல? கொழுப்பு நூத்துக்குப் பத்து. ஃபார்முலாவுலயும் பத்து. தீனி அளந்துதான் வெக்கறோம். அப்பறம் எப்பிடிங்க பூனை ஊதும்? யாரோ தனியாக் குடுக்கறாங்க. அங்க இருக்கறது ஒரே ஆளுதானுங்களே."

பாக்கியத்தைக் கூப்பிட்டார்கள். என் முன்னால்தான் விசாரணை.

"ஏனுங்க பாக்கியம், மத்தியானம் என்னங்க கொண்டாந்தீங்க?"

"சோறுதான்யா."

"வெஞ்சனம்?"

"கருவாடு."

"பூனைக்குக் குடுத்தீங்களா?"

"எனக்கே பத்தல. அதுகளுக்கு வேற அள்ளி வைக்கவா?"

"எடை கூடுதுங்களே. பூனை கூடுதா, நீங்க கூடுறீங்களான்னே தெரியலீங்க."

"நான் கூடுனா என்ன? அதத்தான் கழிச்சுப்புடுறீகள்ல?" என்றார் பாக்கியம். கணக்கு சரிதான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஒரு நாளுகூட எதுவும் குடுத்ததில்லீங்களா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

பாக்கியம் நெஞ்சில் கை வைத்தார். "ஒரே ஒரு ஞாயித்துக்கெழம" என்றார். "மீன் தலை. கலெக்டருக்கு மட்டும். அது மொகத்தப் பாத்தா நீங்களும் குடுத்துருப்பீக."

திருமலை என்னைத் திரும்பிப் பார்த்தார். முடிந்தது. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார், கை கூப்பாத குறையாக. பாக்கியம் வெளியே போனபோது பின்னால் போய் நான் கத்தினேன். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? யாரு மீன் தலைய ஒப்புக்கச் சொன்னா?"

"கேட்டாங்க, சொன்னேன். பொய் சொல்லிட்டு ஞாயித்துக்கெழம கோயிலுக்கு எப்படிம்மா போவேன்?" என்றார். பிறகு குரல் தணிந்தது. "இந்த வேலையும் போச்சுன்னா மறுபடி மில்லு வாசல்ல போயி நிக்கணும். அங்க எடுக்க மாட்டாக."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. திருமலை மேல் பாதி, இந்த மீன் தலை மேல் மீதி. அதைவிட, ஒரு ஆளை வெளியே தள்ள என் அறிக்கையை எடுத்து நீட்டுகிறார்கள் என்பது பொறுக்கவில்லை. ஒரு பூனை ஒரு மீன் தலை தின்றால் மற்ற எல்லாப் பூனையும் எப்படிக் கொழுக்கும்? திங்கட்கிழமைக்குள் இதற்குப் பதில் வேண்டும்.

முதலில் என் சோதனை முறையையே சந்தேகப்பட்டேன். பூனைத் தீனியை முறுக்குப் பிழிகிற மாதிரி ஒரு இயந்திரம் ஆவியில் வேகவைத்துப் பிதுக்கும். அப்படி வெந்த மாவு கொழுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஈதர் என்கிற கரைப்பானை விட்டு இழுத்தால் முழுதும் வராது. முன்னதாக அமிலத்தில் வேகவைத்து, மாவின் பிடியை உடைத்துவிட்டு இழுக்க வேண்டும். அப்படிச் செய்தேன். எண் கொஞ்சம் ஏறியது. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குக் கலெக்டர் பலகையிலிருந்து விழாது.

அடுத்து பூனை வீட்டுக்குப் போய் பாக்கியத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் எனக்குக் கருவாடு வைத்தார், பூனைகள் சுற்றி உட்கார்ந்து பார்த்தன. ஒன்றுக்கும் கொடுக்கவில்லை. கலெக்டர் என் தட்டையே பார்த்தது. அது பார்த்த பார்வையில், சத்தியமாகச் சொல்கிறேன், நானே ஒரு துண்டு கொடுத்திருப்பேன்.

சாப்பிட்டு முடித்து, கை கழுவித் துடைத்துவிட்டு, பூனைகளுக்குத் தீனி எடுக்க, நானே மூட்டைக்குள் கையைவிட்டு அள்ளினேன். விரல் பளபளத்தது. "துணி இருக்கா?" என்றேன். பாக்கியம் ஒரு துண்டுப் பேப்பரைக் கிழித்துக் கொடுத்தார். கையிலிருந்த உருண்டைகளைப் பேப்பரில் போட்டுவிட்டு விரலைத் துடைத்தேன். செத்த நேரத்தில் பேப்பர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. டீக்கடையில் வடை வைத்துக் கொடுக்கிற பேப்பர் அப்படித்தான் ஆகும். அடியில் என் கைரேகை தெரிந்தது.

என் ஆய்வகத்துப் பாட்டிலில் இருக்கிற தீனி பொட்டுக்கடலை மாதிரி வறண்டு கிடக்கும். எத்தனை தடவை கையில் கொட்டியிருக்கிறேன், ஒட்டியதே இல்லை.

எண்ணெய்க் கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. குத்தூசியை எடுத்துக்கொண்டு குடோனுக்கு ஓடினேன். தைத்து அடுக்கியிருந்த மூட்டைகளில் குத்தி எடுத்தேன். அமிலத்தில் வேகவைத்து, ஈதரில் இழுத்து, ஆறவிட்டு, நிறுத்தேன். மறுபடி நிறுத்தேன். பதினாறு.

அறிக்கையை அருளப்பன் சாரிடம் நீட்டினேன். வாங்கினார். கவிழ்த்து வைத்தார். பையிலிருந்து கொஞ்சம் தீவனத்தை எடுத்து மோந்துகொண்டே கேட்டார்.

"எங்க எடுத்த, தாயி?"

"மூட்டைல, சார்."

மோந்துகொண்டிருந்த கை நின்றது. அந்தப் பதில் அவர் காதுக்குப் பழக்கமில்லை. "கூலர் வாய் இல்லையா?"

"இல்ல சார். தச்ச மூட்டை. குத்தூசி போட்டு."

அறிக்கையைத் திருப்பினார். படித்தார். எழுந்து நடந்தார், நான் பின்னால் ஓடினேன். பழைய ஷெட்டுக்குள் போனார். பூனை உருண்டை அங்கேதான் காய்ந்து, ஆறி, கூலர் வாயிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. கீழே மூட்டை இல்லை. ஒரு பெல்ட் இருந்தது. பெல்ட் சுவரில் இருந்த ஓட்டை வழியாகப் புது ஷெட்டுக்குள் போனது. பழைய ஷெட்டில் இடம் இல்லை என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய உருளும் டிரம் வைத்திருந்தார்கள். அதில் உருண்டை சுழலும்போது மேலே கோழிக் கொழுப்பும், பூனைக்குப் பிடித்த ஒரு குழம்பும் தெளிப்பார்கள். அந்த வாசம் இல்லாவிட்டால் பூனை திரும்பிப் பார்க்காது. அந்த டிரம்முக்கு ஆலையில் வைத்த பெயர் தாளிப்புச் சட்டி.

சட்டிக்குப் பொறுப்பு வெள்ளைச்சாமி. அருளப்பன் சார் அவரிடம் மெதுவாகக் கேட்டார். "எம்புட்டு ஊத்துற, அப்பு?"

"கண் அளவுதான் சார். ஆரம்பத்துல கொஞ்சமாத்தான் ஊத்துனேன். பூனை மோந்துட்டுப் போயிருச்சுன்னாங்க. கொஞ்சம் தாராளமா விட்டேன். இப்ப தட்டக் கழுவுன மாதிரி நக்கிப்புடுதாம்ல!" அவர் முகத்தில் அத்தனை பெருமை.

"அளவு எதுவும் கெடையாதா?"

"தாளிப்புக்கு யாரு சார் அளவு பாப்பா?"

அதுதான் விஷயம். ஃபார்முலாவில் மொத்தக் கொழுப்பு பத்து என்றுதான் இருந்தது. உற்பத்தியில் அந்தப் பத்தையும் மாவிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். தாளிப்பு என்பது மணத்துக்கு. குழம்பு வைக்கிறவர்கள் யாரும் கடைசியில் விடுகிற எண்ணெயைக் குழம்பின் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் ஆட்களும் சேர்க்கவில்லை. சாம்பிள் எடுக்கிறவர்கள் சட்டப்படி கூலர் வாயில் எடுத்தார்கள். மாட்டுக்கும் கோழிக்கும் கூலர்தான் கடைசி. பூனைக்குக் கடைசி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. எங்கள் பாட்டிலுக்கு வந்ததைப் பூனை தின்னவே இல்லை. பூனை தின்றது எங்கள் பாட்டிலுக்கு வரவே இல்லை.

திருமலையும் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். விடவில்லை.

"ஏனுங்க சார், பையில என்னங்க அடிச்சிருக்கோம்? கொழுப்பு குறைஞ்சது பத்து. பதினாறு பத்துக்கு மேலதானுங்க? பொய் ஒண்ணும் சொல்லலீங்களே."

பொய் இல்லைதான். பையில் கொழுப்புக்குக் குறைந்தபட்சம்தான் போடுவது வழக்கம். அது மாட்டுக்காரருக்காக வந்த வழக்கம். கூட இருந்தால் அவர் சந்தோஷப்படுவார். எனக்கு விசில் வந்துவிட்டது.

"திருமலை சார், மாட்டுக்குக் கூட இருந்தா பால் கூடும். இது ஆபரேசன் பண்ணி சோபாவுல படுத்துருக்கிற பூனை. இதுக்குக் கூட இருந்தா பூனைதான் கூடும். நம்ம பையில இருக்கிற ஒரே வாக்கே அந்தக் கொழுப்பு குறைவுதான். அதுல பதினாற வச்சுக்கிட்டு, மீன் தலைக்கு ஒரு பொம்பளைய வீட்டுக்கு அனுப்புறீங்க! அந்த ஒரு மீன் தலை எல்லாப் பூனை வயித்துக்குள்ளயும் போச்சா? அது என்ன பைபிள்ல ஆண்டவர் பெருக்கி ஊருக்கே குடுத்த மீனா?"

வெள்ளைச்சாமி சிரித்துவிட்டார். திருமலைக்கும் வாய் கோணியது. அருளப்பன் சார் மட்டும் சிரிக்கவில்லை. டிரம்மின் அடியிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டு மென்றார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு மெதுவாக, "எத்தன தடவ எங்க எடுத்தன்னு கேட்டேன். கூலர் வாய்னீக. சரின்னேன். கேள்வியும் நான் சொல்லிக் குடுத்தது, பதிலும் நான் சொல்லிக் குடுத்தது. நடுவுல ஒரு சொவரு வந்தத நான் எட்டிப் பாக்கல" என்றார். திருமலையிடம் திரும்பினார். "அந்தம்மாவத் திங்கக்கெழமை வரச் சொல்லிருங்க. நீங்களே போயிச் சொல்லுங்க. ரெஜினா போனா சத்தம் கூடும்."

திருமலை போனார். அதற்காக அந்த மனிதரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது. "ஏனுங்க பாக்கியம், தப்பா நெனச்சுக்காதீங்க. திங்கக்கெழம வந்துருங்க" என்று பூனை வீட்டு வாசலில் நின்று சொன்னார். பாக்கியம் வலைக்கு அந்தப் பக்கமிருந்து, "வாரேன். ஆனா இனிமே எடை பாக்கயில நீங்கதான் கலெக்டரத் தூக்கிக்கிட்டு நிக்கணும். அப்பத்தான் சந்தேகம் வராது" என்றார்.

அந்த லோடு கருத்தடைப் பூனைத் தீனியாகக் கடைக்குப் போகவில்லை. பையை மாற்றி, சாதாரண வளர்ந்த பூனைத் தீனியாக அனுப்பினோம். மாவில் கொழுப்பைக் குறைத்தோம். வெள்ளைச்சாமிக்கு ஒரு தராசு வந்தது. அவர் அதை என் மேல் இருந்த கோபத்தில் பல நாள் மாமியாரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். புதுத் தீனியை முதலில் பூனைகள் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. கலெக்டர் தட்டை மண்ணால் மூடப் பார்த்தது. திருமலை பதறினார். பாக்கியம் அசையவில்லை. "பசிச்சாத் திங்கும்யா" என்றார். தின்றது. வாரா வாரம் திருமலை சட்டையெல்லாம் கீறலோடு தராசில் நின்றார். கலெக்டரின் எடை இறங்கியது. உச்சிப் பலகைக்கு ஒரே தாவில் ஏறிய அன்று பூனை வீட்டில் எல்லோருக்கும் டீ.

அன்றிலிருந்து எங்கள் ஆலையில் சாம்பிள் தைத்த மூட்டையில் மட்டும்தான். நிவேதா, இதுதான் உன் புது ஆட்களுக்கு. மெஷின் ஒரு நிமிஷத்தில் எண் சொல்லும். தட்டில் எதைக் கொட்டினீர்கள் என்று சொல்லாது. சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் போய்ப் பாருங்கள்.

வீட்டில் பூனை வைத்திருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், கோயில் வாசலில் என்னைப் பிடிக்காமல் இருப்பதற்காக. பின்பக்கப் பட்டியலில் முதலில் எழுதியிருக்கிற பொருள் கோழியோ மீனோ இல்லாமல் சோளமாக இருந்தால் பையை வைத்துவிடுங்கள். புரதம், கொழுப்பு, நார், சாம்பல் என்று போட்டிருக்கும் தாது உப்பு, ஈரம் எல்லாவற்றையும் கூட்டி நூறிலிருந்து கழியுங்கள். மீதி மாவு. அதைப் பையில் எழுதமாட்டார்கள். கொழுப்புக்குக் குறைந்தபட்சம் என்று மட்டும் இருந்தால் கம்பெனிக்குப் போன் போட்டு, அதிகபட்சம் எவ்வளவு, கலோரி எவ்வளவு என்று கேளுங்கள். திட்டிக்கொண்டே கேளுங்கள், சீக்கிரம் சொல்வார்கள். டாரின் இருக்கிறதா பாருங்கள். டம்ளரில் அள்ளிப் போடாதீர்கள், தராசில் நிறுத்துப் போடுங்கள். தண்ணீர் நிறைய வையுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஆண் பூனை மண் தொட்டியில் உட்கார்ந்து சிறுநீர் வராமல் முக்கினால் என்னைத் தேடாதீர்கள், உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

கலெக்டருக்கு வயதானதும் பரீட்சையிலிருந்து விடுவித்தோம். பாக்கியம் வேலையை விட்டு நின்றபோது அதையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் வெயிலில் படுத்திருந்தது. கிழடு தட்டிவிட்டது, ஆனால் பார்வை அதே பார்வை. தூக்கிப் பார்த்தேன். விலாவைத் தடவினேன். எலும்பு தட்டுப்பட்டது, ஆனால் தேடத்தான் வேண்டியிருந்தது.

"அளந்துதான போடுறீங்க?" என்றேன்.

"தராசு வச்சிருக்கேன்மா. ஒரு கிராம் கூடாது, கொறையாது."

அடுப்படியிலிருந்து மீன் குழம்பு வாசம் வந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கலெக்டர் என் மடியிலிருந்து இறங்கி, அவசரமே இல்லாமல், தன் தட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"பாக்கியம்! மீன் தலை குடுக்குறீங்களா இல்லையா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

பாக்கியம் நெஞ்சைத் தொட்டார்.

"குடுக்குறேன்மா. அது தாளிப்புதான? கணக்குல வராது."